போட்டுப் போட்டுப் பார்த்தால் வருமா?

கணக்கு வரவில்லை என்று எந்த வீட்டில் எந்தப் பிள்ளை சொன்னாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "போட்டுப் போட்டுப் பார்த்தால் தானா வரும்." அப்பா சொல்வார், டியூஷன் மாஸ்டர் சொல்வார், பத்தாம் வகுப்பில் சென்டம் வாங்கிய பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். மனப்பாடக் கல்வியை மேடைக்கு மேடை திட்டுகிறவர்கள்கூட இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தொடுவதில்லை. கணக்குக்கு இது வேதவாக்கு போல நிலைத்துவிட்டது. நான் இதை மறுக்கிறேன். பயிற்சி வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. நம் உயர்நிலைப் பள்ளிகளில் இயற்கணிதத்துக்கும் எண்ணியலுக்கும் பயிற்சி என்ற பெயரில் நடப்பது பயிற்சியே அல்ல என்கிறேன்.

நடப்பது என்ன? ஆசிரியர் பயிற்சிக் கணக்கைக் கரும்பலகையில் போடுகிறார். பிள்ளை அதை வகுப்பு நோட்டில் எழுதுகிறது. வீட்டுப்பாட நோட்டில் மறுபடி எழுதுகிறது. மாலையில் டியூஷனிலும் அதே கணக்குதான். அரையாண்டுக்குள் பாடத்தை முடித்துவிட்டு, பொங்கலுக்குப் பிறகு திருப்புதல் தேர்வுகள். அவற்றிலும் அதே கணக்குகள். இடையில் தடுமாறினால் கைடு இருக்கிறது, ஒவ்வொரு கணக்குக்கும் வரிக்கு வரி விடையோடு. மார்ச் மாதம் வரும்போது கேள்வியின் முதல் நான்கு சொற்களைப் பார்த்ததுமே கை எழுதத் தொடங்கிவிடும். பழகிய மாடு இருட்டிலும் வண்டியை வீடு சேர்க்கும். வேறு ஊருக்குத் திருப்பும்போதுதான் வண்டிக்காரன் விழித்திருக்கிறானா என்பது தெரியும்.

திருப்பிப் பார்ப்போம். பத்தாம் வகுப்பில் எண்களும் தொடர்வரிசைகளும் என்ற பாடம் இருக்கிறது. யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றத்தைப் படித்த கையோடு, ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று நிரூபிக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளை இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதும். அதே பிள்ளையிடம் இதைக் கேளுங்கள்: 11, 111, 1111, 11111 என்று ஒன்றுகளையே அடுக்கிக்கொண்டு போனால், எங்காவது ஒரு முழு வர்க்கம் வருமா? பெரும்பாலான பிள்ளைகள் முதலில் கேட்பது, "இது எந்தச் சாப்டர் சார்?"

எந்தச் சாப்டரும் இல்லை. அவர்கள் பத்து முறை எழுதிய அதே கணக்குதான். இரட்டை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0, ஒற்றை எண்ணுக்கு 1. ஆக, எந்த முழு வர்க்கத்துக்கும் மீதி 2-ஓ 3-ஓ வரவே வராது. 100 என்பது 4-ஆல் வகுபடும் என்பதால் ஓர் எண்ணின் மீதியைத் தீர்மானிப்பவை அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே. இங்கே எல்லாவற்றுக்கும் கடைசி இரண்டு இலக்கம் 11, மீதி 3. எனவே வரிசை முழுவதிலும் ஒரு வர்க்கம்கூட இல்லை. மூன்று வரியில் முடிகிற விஷயம், புதிதாக ஒரு சூத்திரமும் தேவைப்படவில்லை. பத்து முறை எழுதியும் அந்தப் பிள்ளைக்கு இது எட்டவில்லை என்றால், பத்து முறையும் அது எழுதியது கணக்கை அல்ல, கணக்கின் எழுத்துகளை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படி மீதிகளை வைத்தே கணக்குப் போடும் மட்டு எண்கணிதம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பது நம் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் பாடத்தைக் குறைத்தபோது யூக்ளிடின் துணைத் தேற்றத்தையே பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டது; நம்மிடம் இரண்டும் இருக்கின்றன. ஆனால் என்ன செய்கிறோம்? இத்தனை நாள் கழித்து என்ன கிழமை, இத்தனை மணி நேரம் கழித்துக் கடிகாரம் என்ன காட்டும் என்று நாலு கணக்கைப் போட்டுவிட்டு நகர்கிறோம். இலக்கங்களின் கூடுதல் 9-ஆல் வகுபட்டால் எண்ணும் 9-ஆல் வகுபடும் என்ற விதியைப் பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே பாடமாக்கிவிடுகிறார்கள். அந்த விதி ஏன் வேலை செய்கிறது என்பதற்கான காரணம் மட்டு எண்கணிதத்தில் கிடக்கிறது: 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே 100-க்கும் 1000-க்கும் மீதி 1, ஆகவே ஒவ்வோர் இலக்கமும் தன் மதிப்பை மட்டுமே மீதியில் சேர்க்கிறது. 11-இன் விதியில் ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிப்பதற்கும் இதே காரணம்தான். விதி ஒரு வகுப்பில், காரணம் வேறொரு வகுப்பில். இரண்டையும் பிள்ளையே சேர்த்துப் பார்க்க வைக்கிற ஒரு கேள்வி எந்த நோட்டிலும் இல்லை.

ஒரே மாதிரிக் கணக்கை அடுக்கிப் போட்டால் கை பழகுகிறது, மனம் தெம்பாக இருக்கிறது என்பது உண்மைதானே என்று கேட்பார்கள். உண்மை, ஆபத்தே அந்தத் தெம்பில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர் 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு வகை வகையாகப் பிரித்துப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு எல்லாவற்றையும் கலந்து. பயிற்சியின்போது வகை பிரித்தவர்கள் 89 விழுக்காடு சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 விழுக்காடு. பார்க்கிற எந்த ஆசிரியரும் முதல் குழுவைத்தான் மெச்சுவார். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது முதல் குழுவுக்கு 20 விழுக்காடு, கலந்து போட்டவர்களுக்கு 63. கல்லூரி மாணவர்களை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி முடிவு கட்டலாமா என்ற கேள்வி நியாயம். ரோரரும் அவர் குழுவினரும் ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்பின் 54 வகுப்பறைகளில் மாதக்கணக்கில் செய்த சோதனை 2020-இல் வெளிவந்தது. ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில் கலந்து பயின்றவர்கள் 61 விழுக்காடு, அடுக்கிப் பயின்றவர்கள் 38.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 'காரணிப்படுத்துக' என்ற தலைப்பின் கீழ் இருபது கணக்கு கிடக்கும்போது, எந்த வழி என்று யோசிக்கிற வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. பிள்ளைக்கு மிஞ்சுவது கைவேலை. கணக்கில் கடினமானது எதுவோ அது மட்டும் பழக்கப்படாமல் போகிறது.

அடிப்படை கைக்கு வர வேண்டாமா என்பார்கள். வரவேண்டும், மறுக்கவே இல்லை. வாய்ப்பாடு, குறி மாற்றம், அடைப்பை விரிப்பது, இருபடிக் கோவையைப் பிரிப்பது இவையெல்லாம் யோசிக்காமல் கை செய்ய வேண்டியவை. பத்து கணக்கில் வராவிட்டால் இன்னும் பத்து போடட்டும். வந்த பிறகும் ஐம்பது வரை ஏன் போக வேண்டும்? இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தை வைத்தே காட்டினார்கள்: புதிதாகக் கற்கிறவருக்குத் தானே முட்டி மோதுவதைவிட, முழுமையாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பது அதிகம் பயன்படுகிறது. அப்படியென்றால் கரும்பலகையும் கைடும் சரிதானே? முதல் வாரத்துக்குச் சரி. ஆனால் பிள்ளை தேறத் தேற, தீர்த்துக் காட்டிய கணக்கால் கிடைக்கும் பலன் குறைந்து, ஒரு கட்டத்தில் அதுவே சுமையாகிறது என்பதும் அதே ஆய்வு மரபில் பின்னால் வந்த முடிவுதான். நாமோ ஜூன் மாதத்து வைத்தியத்தை மார்ச் வரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, உண்மையான பயிற்சி எப்படி இருக்கும்? ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மிகை முழு எண்களின் தலைகீழிகளைக் கூட்டினால் ஆறில் ஒன்று வர வேண்டும். வரிசை மாறினால் வேறு சோடி என்று கொண்டால், அப்படிப்பட்ட சோடிகள் எத்தனை? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் கேள்வி புரியும். முதலில் 12, 12 தட்டுப்படும். தேடினால் 9, 18 கிடைக்கும். 10, 15 கிடைக்கும். எல்லாம் கிடைத்துவிட்டனவா என்பது மட்டும் தெரியாது. அங்கேதான் பிள்ளை உட்கார வேண்டும். உட்கார்ந்தால், அரை மணி நேரத்திலோ மூன்று நாளிலோ, பின்னத்தை நீக்கிப் பார்க்கும். ஒரு பக்கம் பெருக்கற்பலன், மறுபக்கம் கூடுதலின் ஆறு மடங்கு. இரு பக்கமும் 36-ஐச் சேர்த்தால் அது அழகாகக் காரணிப்படுகிறது: ஒவ்வோர் எண்ணிலும் 6-ஐக் கழித்து இரண்டையும் பெருக்கினால் 36. ஆகவே சோடிகளின் எண்ணிக்கை, 36-இன் காரணிகளின் எண்ணிக்கை. ஒன்பது. 7, 42 முதல் 42, 7 வரை. ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று இப்போது சத்தியம் செய்யலாம்.

கைடில் இதோடு கணக்கு முடிந்துவிடும். பயிற்சி இங்கேதான் தொடங்குகிறது. 6-க்குப் பதில் 5 போட்டால்? மூன்று சோடி. 7 போட்டால்? மூன்று. 8 போட்டால் ஏழு, 9 போட்டால் ஐந்து, 10 போட்டால் ஒன்பது, 11 போட்டால் மறுபடியும் மூன்று. ஏன் எப்போதும் ஒற்றை எண்ணே வருகிறது? எப்போதெல்லாம் மூன்று வருகிறது? வர்க்க எண்ணுக்குக் காரணிகள் ஒற்றைப்படையாகத்தான் இருக்கும் என்பதையும், மூன்றே சோடி வருவது பகா எண்ணுக்கு மட்டும் என்பதையும் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பின்னக் கூட்டலில் தொடங்கிய கணக்கு, காரணிப்படுத்துதல் வழியாகப் பகா எண்ணில் போய் நின்றுவிட்டது. ஒரு மாலைப் பொழுதில் இந்த ஒரு கணக்கு, முப்பது கணக்கு எழுதி நிரப்பிய நோட்டைவிட மேல். நோட்டில் பாதிப் பக்கம்கூட நிறையாது என்பதுதான் இதன் ஒரே குறை. பக்கம் எண்ணிக் கையெழுத்துப் போடும் வழக்கத்துக்கு இது ஒத்துவராது.

இப்படியெல்லாம் ஒலிம்பியாடு பிள்ளைகளுக்குத்தான் முடியும், சாதாரணப் பிள்ளைக்கு எதற்கு என்பார்கள். ஒலிம்பியாடிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 1988-இல் கான்பெராவில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் ஆறாவது கேள்வி பேர்போனது. இரண்டு மிகை முழு எண்களின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். அதே எண்களின் பெருக்கற்பலனோடு 1 சேருங்கள். பின்னது முன்னதை மீதியின்றி வகுத்தால், ஈவு முழு வர்க்கமாகவே இருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். உலகெங்கிலும் இருந்து வந்த போட்டியாளர்களில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 11 பேர். அந்த ஆண்டு தங்கம் வென்ற சிறுவன் டெரன்ஸ் டாவுக்கு, பின்னாளில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவருக்கு, இந்தக் கேள்வியில் கிடைத்தது 7-க்கு 1.

இதைத் தீர்க்கிற கருவி நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது: இருபடிச் சமன்பாட்டின் மூலங்களின் கூடுதல், மூலங்களின் பெருக்கற்பலன். 30-ஐயும் 8-ஐயும் எடுங்கள். 900 + 64 = 964; 240 + 1 = 241; ஈவு 4, முழு வர்க்கம். இப்போது 8-ஐயும் ஈவு 4-ஐயும் அப்படியே வைத்துக்கொண்டு 30-ஐத் தெரியாத எண்ணாக எண்ணினால், அது ஓர் இருபடிச் சமன்பாட்டின் மூலம். மூலங்களின் கூடுதல் 4 × 8 = 32. ஆக இன்னொரு மூலம் 2. 30, 8 என்ற சோடி 8, 2 ஆகச் சுருங்கிவிட்டது, ஈவு மாறாமல். மறுபடியும் அதையே செய்தால் கூடுதல் 4 × 2 = 8, மற்ற மூலம் 0. இப்போது சோடி 2, 0. ஓர் எண் பூச்சியமானதும் ஈவு என்பது மற்ற எண்ணின் வர்க்கமே தவிர வேறில்லை. எந்தச் சோடியில் தொடங்கினாலும் எண்கள் சிறுத்துக்கொண்டே வந்து பூச்சியத்தில்தான் நிற்க முடியும் என்று காட்டிவிட்டால் நிரூபணம் முடிந்தது. மூலங்களின் கூடுதலை நம் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் போடுகிறார்கள். அதை ஒரு கருவியாகக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு ஒருநாளும் வருவதில்லை.

ராமானுஜன் பெயர் இந்த இடத்தில் வந்தே தீரும். கார் என்பவர் எழுதிய தொகுப்பு நூலைக் கும்பகோணத்தில் போட்டுப் போட்டுத்தான் அவர் மேதையானார் என்று பள்ளி விழாக்களில் பேசுகிறார்கள். ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்த டியூஷன் ஆசிரியர்தான். அந்த நூல் ஏறக்குறைய 5000 முடிவுகளை வரிசையாக அடுக்கிய ஒருவகை நோட்ஸ்தான். நம் கைடுகளுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பெரும்பாலும் நிரூபணங்கள் இல்லை, இருந்தவையும் வெறும் குறிப்பு. அதனால் அதன் ஒவ்வொரு வரியும் ராமானுஜனுக்குத் தீர்க்கப்படாத கணக்காக இருந்தது. விடையும் வழியும் அச்சிட்ட கைடு அவர் கையில் கிடைத்திருந்தால் நமக்கு ஒரு நல்ல கிளார்க் கிடைத்திருப்பார்.

மேதைகளை விடுங்கள். ஹங்கேரியில் டேனியல் அரனி என்ற பள்ளி ஆசிரியர் 1894-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு மாத இதழ் தொடங்கினார். ஒவ்வொரு மாதமும் சில கணக்குகள். பிள்ளைகள் யோசித்துத் தீர்வை அஞ்சலில் அனுப்ப வேண்டும். நல்ல தீர்வுகள் அனுப்பியவர் பெயரோடு அச்சாகும். கணிதவியலாளர் பால் எர்டிஷ் அதில் கணக்குப் போட்டு வளர்ந்தவர். போர்க்காலங்களில் தடைபட்டாலும் இதழ் இன்றும் வருகிறது. நாம் ஒரு மாலைக்கு முப்பது கணக்கு கொடுக்கிறோம். அவர்கள் ஒரு சில கணக்குக்கு ஒரு மாதம் கொடுத்தார்கள்.

கடைசியாக வருவதுதான் உண்மையிலேயே கனமான வாதம். அரசுப் பள்ளியில், குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு முதலில் தேர்ச்சி வேண்டும். புத்தகக் கணக்கை உருப்போட்டாவது கரையேறட்டும். உங்கள் தத்துவத்தை அதற்கப்புறம் பேசுங்கள் என்பது. இந்தக் கவலையில் உள்ள அன்பை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலிருந்தே ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்ற பெயரில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்குகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். யோசிக்கிற பயிற்சி பணம் கட்டுகிறவர்களுக்கு, எழுதுகிற பயிற்சி மற்றவர்களுக்கு என்று பங்கு பிரித்துவிட்டோம். பதினோராம் வகுப்பில் முதல் கணக்குப் பாடத்திலேயே யார் தடுக்கி விழுகிறார்கள் என்று எந்த மேல்நிலை ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் எண்ணியலைப் போல ஏழைக்கு ஏற்ற பாடம் வேறில்லை. ஆய்வகம் வேண்டாம், இணையம் வேண்டாம். 1, 2, 3 தெரிந்தால் போதும்.

தேர்ச்சிக்கும் இதற்கும் பகையும் கிடையாது. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2, ஆக 100. இதில் கட்டாய வினாக்களான 28-உம் 42-உம் பெரும்பாலும் புத்தகத்தில் அப்படியே இல்லாதவை. இரண்டும் சேர்ந்து ஏழு மதிப்பெண். அந்த ஏழுக்காகத்தான் தேர்வு முடிந்த மாலையில் பள்ளி வாசலில் "கிரியேட்டிவாக் கேட்டுட்டாங்க" என்ற புலம்பல் கேட்கிறது. பார்த்திராத கணக்கு வருவது கணக்குத் தேர்வில் அநியாயம் என்று ஒரு தலைமுறையையே நம்பவைத்திருக்கிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்புத் தேர்வில் மூன்று பாடங்களின் கணக்குகளைத் தலைப்பில்லாமல் கலந்து கொடுங்கள். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, திங்கள்கிழமை வரை விடை சொல்லாதீர்கள். தவறான முயற்சிகளையும் படித்துப் பாருங்கள். பெற்றோர்களே, பிள்ளை அரை மணி நேரமாக வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் "இதை விட்டுட்டு அடுத்ததப் போடு" என்று சொல்லாதீர்கள். வினாத்தாள் கடினம் என்று கருணை மதிப்பெண் கேட்டு மனு எழுதுகிற சங்கங்களே, அடுத்த முறை அந்த இரண்டு கேள்விகளைப் போல இன்னும் நான்கு கேட்கச் சொல்லி எழுதுங்கள்.